ஆயுத பூஜையில் தொடங்கி கொலுவுக்கு: வடசென்னை வகுப்பறையில் நவராத்திரி

நவராத்திரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பலரும் முதல் நாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கலசம், கொலுப்படி, முப்பெருந்தேவியர் என்று வரிசையாகப் போவார்கள். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ இருக்கும் ஒரு வகுப்பில் இப்படித் தொடங்கினால் பாதிப் பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலருடைய வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. ஆயுத பூஜை அப்படியில்லை, அது தெருவிலேயே நடக்கிற பண்டிகை. ஆட்டோ ஸ்டாண்டு, லேத்துப் பட்டறை, மெக்கானிக் கடை, மீன்பாடி வண்டி, விசைப்படகு இன்ஜின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுப்பதை ஒவ்வொரு பிள்ளையும் பார்த்திருக்கிறது. ஆகவே ஒன்பதாம் நாளில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும் வழி இதுதான்.

கீழே சொல்வதெல்லாம் 8 முதல் 13 வயது வரை உள்ள 40 பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்புக்கு அல்லது மாலை நேரப் படிப்பு மையத்துக்கு. பிள்ளைகள் குறைந்தால் அளவையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

நாள் குறிப்பது

இங்கேதான் முதல் சிக்கல். மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. திதிக் கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். 2024-இல் அக்டோபர் 3, 2025-இல் செப்டம்பர் 22. காலாண்டுத் தேர்வும் அதற்குப் பின் வரும் விடுமுறையும் இதே வாரங்களில்தான் விழுகின்றன. ஆயுத பூஜையும் விஜயதசமியும் அரசு விடுமுறை, அந்த இரண்டு நாளும் பள்ளியில் எதுவும் செய்ய முடியாது. நாள்காட்டியைப் பார்க்காமல் திட்டம் போட்டால், பொம்மைக்கு வண்ணம் பூச வேண்டிய நாளில் பிள்ளைகள் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

விநாயகர் சதுர்த்தி முடிந்து சுமார் 27 நாளில் நவராத்திரி வரும். அந்த இடைவெளியைப் பயன்படுத்துங்கள். சதுர்த்தி முடிந்த வாரமே மண் வேலையைத் தொடங்கி, தேர்வுக்கு முன்பே பொம்மைகளை முடித்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கொலு ஒன்பது நாளும் வகுப்பில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பள்ளி திறந்திருக்கும் மூன்று நாள் போதும். நவராத்திரி முழுவதும் விடுமுறையில் போய்விடும் ஆண்டில் மாலை மையத்திலோ, தெருவில் இடமிருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையிலோ வைக்கலாம்.

பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பிவிடுங்கள். ராயபுரம், மண்ணடி, தண்டையார்பேட்டை பக்கம் ஒரே வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பொம்மை செய்வது, கதை கேட்பது, படி அடுக்குவது எல்லாருக்கும் பொது. நெற்றியில் குங்குமம் வைப்பது, கைகூப்புவது, படைத்ததைச் சாப்பிடுவது அவரவர் விருப்பம் என்று அதில் தெளிவாக எழுதுங்கள். வகுப்பில் பேசும்போதும் ‘நாம் கும்பிடுகிறோம்’ என்று சொல்லாமல் ‘இந்தப் பண்டிகை கொண்டாடுகிறவர்கள் இப்படிக் கும்பிடுகிறார்கள்’ என்று சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே எந்தப் பிள்ளையும் தள்ளி நிற்க வேண்டியதில்லாமல் போகும். அதேபோல, ‘யார் யார் வீட்டில் கொலு வைப்பீர்கள், கை தூக்குங்கள்’ என்று கேட்கவே கேட்காதீர்கள். சாதியும் வசதியும் கலந்த கேள்வி அது. கை தூக்காத பிள்ளைகள் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

முதல் வகுப்பு: கருவிப் பட்டியல்

முந்தின நாளே ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். வீட்டிலோ தெருவிலோ வேலை செய்யும் ஒருவரிடம் போய் மூன்று கேள்வி கேட்டு வர வேண்டும். ஆயுத பூஜைக்கு எந்தக் கருவியை வைப்பீர்கள்? அதை எப்படித் துடைத்துச் சுத்தம் செய்வீர்கள்? அன்றைக்கு அதைத் தொட்டு வேலை செய்வீர்களா?

மறுநாள் பதில்கள் வந்து குவியும். வலை பின்னும் ஊசி, மீன் வெட்டும் அரிவாள்மனை, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, ஸ்பேனர் செட்டு, கரண்டி, பெயிண்ட் பிரஷ், கொத்தனாரின் ரசமட்டம், துப்புரவுப் பணியாளரின் துடைப்பம், ஆட்டோ மீட்டர். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். எதையும் உயர்த்தியோ தாழ்த்தியோ வரிசைப்படுத்த வேண்டாம். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘அன்னைக்கு வேலை இல்ல, கருவிக்கும் லீவு’ என்ற பதில் வரும். இங்கே சரஸ்வதி பூஜைக்குத் தாவலாம். புத்தகத்தையும் பேனாவையும் அடுக்கி வைத்துவிட்டு அன்றைக்குப் படிக்காமல் இருப்பது, மறுநாள் விஜயதசமியன்று எடுத்து ஒரு பக்கமாவது படிப்பது, சின்னக் குழந்தைக்கு அரிசியில் முதல் எழுத்து எழுத வைப்பது எல்லாம் அதே வழக்கத்தின் தொடர்ச்சி. படிக்கக் கூடாத ஒரு நாள் என்றால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

கதையை இரண்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எருமைத் தலை மகிஷாசுரனை அம்மன் வென்ற கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். ரத்தம் சிந்துவதை விவரிக்க வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்குக் கதையின் நடுப்பகுதியை விரித்துச் சொல்லுங்கள். எந்தத் தேவராலும் அவனைத் தனியாக வெல்ல முடியவில்லை. அதனால் அம்மனுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். சிவன் சூலம், திருமால் சக்கரம், வருணன் சங்கு, வாயு வில்லும் அம்பும், இந்திரன் வஜ்ஜிரம், இமவான் சிங்கம். கடலுக்கு உரிய வருணன் சங்கு கொடுத்தான் என்றதும் குப்பத்துப் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். கரும்பலகையில் முந்தின நாள் எழுதிய கருவிப் பட்டியலை அழிக்காமல் வைத்திருந்தால், அதன் பக்கத்திலேயே இந்தப் பட்டியலையும் எழுதலாம். வனவாசம் முடிந்தபின் பாண்டவர்கள் ஓராண்டு மறைந்து வாழ்ந்தபோது ஆயுதங்களை வன்னி மரத்தில் ஒளித்து வைத்த கதையும், அர்ச்சுனன் அவற்றை விஜயதசமியன்று திரும்ப எடுத்தான் என்று சொல்லும் வழக்கமும் இதோடு பொருந்தும்.

மண் பொம்மை

நவராத்திரி வகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடையில் வாங்கிய பொம்மைகளை அடுக்கிப் பார்க்கவிட்டால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கலைந்துவிடுவார்கள். தானே செய்தது படியில் இருந்தால் தினமும் வந்து நிற்பார்கள்.

ஒரு பிள்ளைக்கு 250 கிராம் ஈரக் களிமண் என்றால் 40 பேருக்கு 10 கிலோ. கெட்டுப்போவதற்கும் சேர்த்து 12 கிலோ எடுங்கள். கல், வேர் இல்லாமல் சலித்து, காதுமடல் போல மெத்தென்று ஆகும்வரை பிசைந்து, ஈரச் சாக்கு போட்டு மூடி ஓரிரவு வையுங்கள். புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டையில் தலைமுறைகளாக மண் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களிடம் மண் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவதென்றால் 10, 12 பேராகப் பிரித்து, முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். நவராத்திரிக்கு முந்தின வாரம் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அப்போது போய் நிற்பது நியாயமில்லை. போனால் சின்னதாக ஒரு பொம்மையாவது விலை கொடுத்து வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை சேர்ப்பது கொலு வைப்பவர்கள் பழக்கம்தான்.

பொம்மை ரொம்ப உயரமாக இருக்க வேண்டாம். 10 சென்டிமீட்டர் போதும். பலகை அல்லது ஓட்டின் மேல் செய்தித்தாள் விரித்து அதன் மேல் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது பிய்ந்துவிடும். பல்குச்சி, ஐஸ் குச்சி, தீர்ந்துபோன பேனா ரீஃபில் இவையே கருவி.

பிள்ளைகள் பொம்மையில் பெரும்பாலும் நேரும் கோளாறுகள் மூன்று.

கை, கால், தலை காய்ந்தபின் உதிரும். ஈரக் கையால் அழுத்தி ஒட்டினால் போதும் என்று நினைப்பதால் வருவது இது. ஒட்ட வேண்டிய இரண்டு பக்கத்தையும் பல்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, கூழ் போலக் கரைத்த அதே மண்ணைத் தடவி, அழுத்தி, இணைப்பின் மேல் விரலால் இழுத்து மூட வேண்டும். நாலு மெல்லிய கால் உள்ள மாடு நிற்கவே நிற்காது. படுத்திருக்கும் மாடு செய்யச் சொல்லுங்கள்.

பொம்மை விரிசல் விடும். வெளிப்பக்கம் வேகமாகக் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் இருந்தால் மேல்தோல் பிளக்கும். அதனால் வெயிலில் வைக்காதீர்கள். விரலைவிடத் தடிமனான உடம்பை அடியிலிருந்து கரண்டிக் காம்பால் குடைந்துவிடுங்கள். நிழலில் ஐந்து, ஆறு நாள் ஆகும். கடற்காற்று வீசும் பகுதியில், புரட்டாசி மழை வேறு சேர்ந்தால், ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் பொம்மையைச் சாய்த்து வைத்து அடிப்பக்கமும் காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. விரிசல் விட்டதை ஈர மண்ணால் அடைக்க முடியாது, அது காய்ந்து சுருங்கித் தனியே விழும். காய்ந்த மண்ணைப் பொடித்துப் பசையில் குழைத்து அடையுங்கள்.

வண்ணம் பூசும்போது கரையும். சுடாத மண் தண்ணீர் பட்டால் குழையும். சாக்பீஸ் பொடியை ஃபெவிகாலில் குழைத்து, கொஞ்சமே தண்ணீர் விட்டு, முதலில் வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுங்கள். அது நன்றாகக் காய்ந்தபின் போஸ்டர் கலரைக் கெட்டியாக எடுத்து ஒற்றி ஒற்றிப் பூச வேண்டும். பிரஷ்ஷை முன்னும் பின்னும் தேய்த்தால் அடிப்பூச்சு கிளம்பிவிடும். எனாமல் பெயிண்ட் வேண்டாம், அதன் வாடையும் சரியில்லை, பொம்மையை மறுபடி மண்ணாக்கவும் முடியாது.

யாருக்கு எந்தப் பொம்மை என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கருவிப் பட்டியலைப் பார்த்து அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். அம்மன் செய்ய விரும்பும் பிள்ளையும் இருக்கும், இட்லி விற்கும் ஆயா செய்யும் பிள்ளையும் இருக்கும். கொலுவில் இரண்டுக்கும் இடம் உண்டு. வளையல்காரர், செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம் என்று ஊர் வாழ்க்கை முழுவதும் பொம்மையாக நிற்கும் மரபு அது.

படி கட்டுதல்

படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். 3, 5, 7, 9 என்று வைப்பார்கள். வகுப்பறைக்கு மூன்றே போதும். இரண்டு வரிசைச் செங்கல்லின் மேல் பலகை போட்டால் முதல் படி. அதன் பின்னால் உட்காரும் பெஞ்சு, அதற்கும் பின்னால் எழுதும் மேசை. சுவரை ஒட்டி, நடமாட்டம் இல்லாத மூலையில் கட்டுங்கள். பெஞ்சு ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்து, காலுக்கு அடியில் மடித்த அட்டை கொடுங்கள்.

மேலே விரிக்க ஒரு எட்டு முழ வெள்ளை வேட்டி. துணியைப் படியின் மடிப்புக்குள் நன்றாக உள்தள்ளி, பக்கவாட்டில் ஊக்கு குத்தி, தரையில் தொங்கும் நுனியைப் பலகைக்கு அடியில் செருகிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் யாராவது ஒரு பிள்ளை துணியை மிதிக்கும், மேல்படி முழுவதும் கீழே வரும்.

பொம்மை வைக்கும் வரிசையில் ஓர் ஏற்றம் இருக்கிறது. கீழே புல், செடி, மரம். அடுத்து சங்கு, நத்தை. பிறகு எறும்பு, கரையான். பிறகு நண்டு, வண்டு. அதற்கு மேல் விலங்கு, பறவை, பிறகு மனிதர், பிறகு மகான்கள், உச்சியில் தெய்வங்கள். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுக்கும் தொல்காப்பிய மரபியலோடு இது ஒத்துப்போவதால் தமிழாசிரியர் அந்தப் பாடத்தை இதே வாரத்தில் நடத்தலாம். அறிவியல் ஆசிரியரும் கூட இருந்து, இன்றைய உயிரியல் வகைப்பாடு எப்படி வேறுபடுகிறது என்று சொன்னால் இன்னும் நல்லது. மூன்று படியில் இதைச் சுருக்கும்போது ஓரறிவு முதல் நான்கறிவு வரை முதல் படியில், விலங்கும் மனிதரும் நடுவில், மகான்களும் தெய்வங்களும் மேலே.

முதல் படிக்குப் பொருள் கொண்டுவர கடலோரப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கரையில் ஒதுங்கிய காலிக் கிளிஞ்சல், நண்டு ஓடு போதும், உயிரோடு எதையும் எடுத்துவரக் கூடாது. நண்டு ஓட்டில் சதை ஒட்டியிருந்தால் இரண்டாம் நாளே வகுப்பு நாறும். ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே படிக்கு வரட்டும்.

மேல்படியில் மரப்பாச்சி ஜோடி வைப்பது வழக்கம். செம்மரத்திலோ கருங்காலியிலோ செய்த ஆண், பெண் பொம்மைகள் அவை, ஆண்டுதோறும் புதுத் துணி உடுத்துவார்கள். யாராவது இரவல் தந்தால் வாங்கி, உடை தைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பையன்களும் ஊசி பிடிக்கட்டும். எந்தப் பொம்மையையும் தலையையோ கையையோ பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை அடியில், ஒரு கை முதுகில்.

படிக்கு முன்னால் தரையில் ‘பார்க்’ போடுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு தட்டில் இரண்டு அங்குலம் மண் பரப்பி, ஊறவைத்த வெந்தயமோ கடுகோ தூவி, தினம் தண்ணீர் தெளித்தால் நான்கைந்து நாளில் பச்சை முளைத்து நிற்கும். தண்ணீரை ஊற்றினால் அழுகிவிடும், கையால் தெளித்தால் போதும். மலையும் மிருகக்காட்சிசாலையும் எல்லாரும் செய்வது. நீங்கள் வடசென்னையைச் செய்யச் சொல்லுங்கள். நீலக் காகிதத்தில் காசிமேடு துறைமுகமும் தீக்குச்சிப் பெட்டிப் படகுகளும், பெரிய தூண்கள் வைத்த ராயபுரம் ரயில் நிலையம், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூர் புகைபோக்கி, பக்கிங்காம் கால்வாய். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது என்பதை அந்த நிலையத்தைச் செய்கிற குழுவே ஒரு சீட்டில் எழுதி வைக்கட்டும்.

விளக்கு ஏற்றுவதென்றால் மணல் பரப்பிய எவர்சில்வர் தட்டில் ஒரே ஒரு அகல், துணியிலிருந்து இரண்டு அடி தள்ளி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் நகர்ந்தால் விளக்கும் அணைய வேண்டும். பாவாடை தாவணியோடு பிள்ளைகள் குனிந்து பார்க்கும் இடம், கவனம்.

சுண்டல்

ஒரு நாள் மட்டும் செய்யுங்கள். 1 கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், 40 பேருக்கு ஆளுக்கு 50 கிராம் தாராளமாகக் கிடைக்கும். எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஊறவையுங்கள். சென்னைப் புழுக்கத்தில் அதற்கு மேல் விட்டால் நுரைத்துப் புளித்துவிடும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், நான்கு டீஸ்பூன் உப்புப் போட்டு, ஐந்து விசில் விடுங்கள். பெரிய குக்கர் இல்லையென்றால் இரண்டு தடவையாக வேகவையுங்கள். தண்ணீரை நன்றாக வடிக்காவிட்டால் சுண்டல் கொழகொழவென்று ஆகிவிடும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, ஆறு காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கிளறுங்கள். வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. ஒரு மூடித் தேங்காயைத் துருவி, கொடுப்பதற்குச் சற்று முன்னால் போடுங்கள். காலையிலேயே போட்டுவிட்டால் மதியத்துக்குள் ஊசிப்போகும். எந்தப் பிள்ளைக்காவது கடலை வகை ஒத்துக்கொள்ளாதா என்று பெற்றோர் குறிப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். தொன்னையில் கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கோப்பைக்கும் பைக்கும் 2019 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது.

தாம்பூலம் கொடுப்பது வழக்கம். பிள்ளைகளுக்குப் பாக்கு வேண்டாம், ஒரு வாழைப்பழமும் பென்சிலும் போதும். பார்க்க வரும் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் கொடுக்கும்போது கணவரை இழந்தவர்களை விட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பள்ளியில் அதற்கு இடம் தராதீர்கள். வந்த எல்லாருக்கும் ஒரே தட்டிலிருந்து கொடுங்கள். கொலுவுக்கு முன்னால் பாடுவதும் அப்படித்தான். சங்கீதம் கற்ற பிள்ளைதான் பாட வேண்டும் என்றில்லை. கும்மி, தாலாட்டு, வலை இழுக்கும் ஏலேலோ எல்லாம் பாடலாம்.

விடுமுறைக்கு முன்னும் பின்னும்

ஆயுத பூஜைக்கு விடுமுறை என்பதால் முந்தின வேலைநாளிலேயே வகுப்புக் கருவிகளைத் துடைத்து வையுங்கள். பூகோள உருண்டை, காம்பஸ் பெட்டி, தராசு, மணி, சத்துணவுக் கூடத்துக் கரண்டி. கரண்டியைக் கொண்டுவந்து வைக்கச் சமையல் செய்யும் அம்மாவையே அழையுங்கள்.

பூசணிக்காய் பற்றி அன்றைக்கே பேசிவிட வேண்டும். திருஷ்டிப் பூசணிக்குள் குங்குமத்தோடு காசும் போடுவார்கள். உடைத்ததும் அந்தக் காசைப் பொறுக்கப் பிள்ளைகள் நடுரோட்டுக்கு ஓடுவது திருவொற்றியூர் நெடுஞ்சாலை போன்ற கனரக லாரி போகும் சாலையில் உயிருக்கே ஆபத்து. சிதறிய சதையில் இருசக்கர வாகனம் வழுக்கும். கடைக்காரர்களிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கொடுக்க, ‘பூசணியை ஓரமாக உடையுங்கள், உடனே அள்ளிவிடுங்கள்’ என்று பிள்ளைகள் கையால் எழுதிய சீட்டுகளைத் தயார் செய்யுங்கள். அம்மா, அப்பா, மாமா என்று தெரிந்தவர்களிடம் பிள்ளை நேரில் கொடுக்கும் சீட்டை யாரும் கசக்கிப் போடுவதில்லை.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலு முடிந்ததாகக் கொள்வார்கள். வகுப்பில் பள்ளி திறந்த நாளன்று எடுத்துவைக்கலாம். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, இடைவெளியில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடுங்கள். பெட்டியைத் தரையில் வைத்தால் மழைக்காலத்து ஈரம் ஏறும், அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். எந்தப் படி, யார் செய்தது என்று வெளியே ஒட்டிவிட்டால் அடுத்த ஆண்டு வேலை பாதியாகும். உடைந்துபோன சுடாத பொம்மைகளை வாளித் தண்ணீரில் போட்டால் இரண்டு நாளில் கரைந்துவிடும். மேலே மிதக்கும் வண்ணத்தோலை வழித்து எடுத்துவிட்டு, மண்ணைத் தெளியவைத்து, சாக்கில் கட்டி அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.